வேட்டுக்குக் கணக்குக் கேட்போம்

வன்னியிலே ஒரு விவசாயி தன் பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காத்துக்கொள்ள ஒரு வேட்டைத் துவக்கு வேண்டுமென்று எண்ணினால், அவன் எத்தனை வாசற்படிகள் ஏறி இறங்கவேண்டும் என்பதை நாம் அறிவோம். கிராம சேவையாளரின் அத்தாட்சி வேண்டும். பொலிஸாரின் அறிக்கை வேண்டும். கச்சேரியின் அனுமதி வேண்டும். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பின்னரும் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தவறினால் அவன் குற்றவாளி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவனிடம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: இத்துவக்கு உனக்கு எதற்கு?

கேள்வி நியாயமானது. அதனை நாம் எதிர்க்கவில்லை. உயிரைப் போக்கவல்ல கருவியொன்றைக் கையில் வைத்திருப்பவன் எவனாயினும், அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். ஆனால் இதே கேள்வியை இந்நாட்டின் மிகப்பெரிய துவக்குடைமையாளனிடம் எவரேனும் இவ்வளவு விடாப்பிடியாகக் கேட்டதுண்டா? அந்த உடைமையாளன் அரசு. அதன் பொலிஸ் நிலையங்களிலும் படைமுகாம்களிலும் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் ஆயுதங்கள் எதற்கு, எவர் மீது, எவ்வேளையில், எவர் கட்டளைப்படி வெடிக்கலாம் என்பதற்கு மக்கள் முன் வைக்கப்பட்ட விடை யாது? பொலிஸ் நிலையத்துப் பதிவேட்டில் தோட்டாக்களுக்குக் கணக்கு எழுதப்படாமலில்லை. ஆனால் அந்தத் தோட்டா ஓர் ஏழையின் மார்பில் பாய்ந்த பின்னர், அக்கணக்கு மக்களிடம் வந்து சேருவதில்லை. இதுவே எமது வழக்கு.

இந்த வழக்கின் வேர் எங்கே கிடக்கிறது என்பதை முதலிற் காண்போம்.

1829இல் இலண்டன் மாநகரத்துக்கென றொபேட் பீல் ஒரு பொலிஸ் படையை அமைத்தபோது, அப்படையினன் கையில் துவக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு தடியே கொடுக்கப்பட்டது. இராணுவத்தின் செஞ்சட்டையிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்காக அவனுக்கு நீலச்சட்டை அணிவிக்கப்பட்டது. காரணம் கருணையன்று. இலண்டன் மக்கள் தம் தெருக்களிற் படைவீரன் காவல் நிற்பதை ஏற்கமாட்டார்கள் என்பதை ஆளும் வர்க்கம் நன்கறிந்திருந்தது. ஆனால் அதே ஆட்சியாளர் அயர்லாந்தில் அமைத்த பொலிஸ் வேறு வகையானது. அது ஆயுதம் தரித்தது, பாசறைகளில் வாழ்ந்தது, மக்களுக்கு மேலே நின்று மக்களைக் கண்காணித்தது. குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது இலண்டன் மாதிரியன்று, அயர்லாந்து மாதிரியே. 1866இல் காம்பல் என்பவரின் தலைமையில் இலங்கைப் பொலிஸ் சீரமைக்கப்பட்டபோதும் நாம் பெற்றுக்கொண்டது இந்தச் சொத்தையே. தன் வீட்டில் தடியும் பிறர் வீட்டில் துவக்குமாக நின்ற நாகரிகத்தின் பெயர்தான் ஏகாதிபத்தியம்.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடக்குவதெனச் சொல்லி இந்நாட்டில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் வர்த்தகரும் தொண்டர் படையினராகத் துவக்கேந்தினர். விசாரணையின்றிச் சுதேசிகள் சுடப்பட்டனர். அவ்வட்டூழியங்களைச் சட்டசபையில் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதற்கடுத்த ஆண்டிலேயே சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. இச்சட்டம் பிறந்த காலத்தை மறந்துவிட்டு அதன் வாசகங்களை மட்டும் படிப்பவர்கள், அதன் பாதிப் பொருளையே படிக்கிறார்கள். அந்நியன் போய்விட்டான். நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. சட்டமும் இருக்கிறது; அதன் மனப்பான்மையும் இருக்கிறது.

அந்த மனப்பான்மை எவர் உடலிற் போய்ப் பதிந்தது என்பதை வரிசையாக எண்ணிப் பார்ப்போம்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரிடையே பொலிஸாரின் வேட்டுக்குப் பலியானான் கோவிந்தன். 1947 ஜூன் 5ஆம் திகதி கொழும்பில் வேலைநிறுத்த ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டபோது மாண்டவன் கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞன். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்திய அரசாங்கத்தை எதிர்த்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மக்கள் ஹர்த்தால் அனுட்டித்தனர். அரிசி கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஈயம். 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டத்திற் பொலிஸார் புகுந்தனர். வானை நோக்கிச் சுட்ட வேட்டு மின்கம்பியை அறுத்தது. ஒன்பது உயிர்கள் பறிபோயின. குடிமக்கள் தாமே அமைத்த விசாரணைக் குழு, ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சரின் தலைமையிற் கூடிப் பொலிஸாரின் செயலைக் கண்டித்தது.

பழங்கதை என்பார்க்குப் புதுக்கதையும் உண்டு. 2011 மே மாதத்திற் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிலாளர், தனியார்துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்துக் கிளர்ந்தபோது சுடப்பட்ட இளந்தொழிலாளி ஒருவன் இரண்டு நாட்களில் உயிர்நீத்தான். 2012 பெப்ரவரியிற் சிலாபத்தில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்த மீனவர் ஒருவர் விசேட அதிரடிப் படையின் வேட்டுக்கு இரையானார். 2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியா, ரத்துபஸ்வலையிற் சுத்தமான குடிநீர் கேட்டு நின்ற மக்கள் மீது இராணுவமே சுட்டது, மூவர் மாண்டனர். 2016 அக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரு பல்கலைக்கழக மாணவர் இறந்தபோது முதலில் விபத்தென்றே சொல்லப்பட்டது. துவக்குச் சூட்டை வெளிப்படுத்தியது பிரேத பரிசோதனை. 2022 ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் கொல்லப்பட்டார், பலர் காயமுற்றனர்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளி, எழுதுவினைஞன், ஆலைத் தொழிலாளி, மீனவன், கிராமத்துச் சிறுவன், மாணவன். தமிழனும் உண்டு, சிங்களவனும் உண்டு. இந்துவும் உண்டு, பௌத்தனும் கத்தோலிக்கனும் உண்டு. இல்லாதவன் ஒருவன்தான்: சொத்துடையவன். இவர்கள் கேட்டவையோ கூலி, அரிசி, ஓய்வூதியம், எண்ணெய், தண்ணீர். அரசாங்கங்களின் நிறங்கள் மாறியிருக்கின்றன, மந்திரிகள் மாறியிருக்கிறார்கள், துவக்கின் வாய் நோக்கும் திசை மட்டும் மாறவில்லை. எமது இடதுசாரித் தலைவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர் என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. 1971 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொன்றொழிக்கப்பட்டபோது, முல்லோயாவுக்காகவும் ஹர்த்தாலுக்காகவும் முழங்கிய கட்சிகள் அரசாங்கத்தின் ஆசனங்களில் அமர்ந்திருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது? 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. தேவையான பலம் எவ்வளவு? அதனை அளப்பவர் யார்? துவக்கை ஏந்தியவரே அளக்கிறார். அவருடைய மேலதிகாரியே அளவு சரியென்கிறார். வியாபாரியின் தராசுக்கு முத்திரை குத்த அதிகாரி உண்டு. இந்தத் தராசுக்கு முத்திரை குத்துவார் எவருமிலர்.

அளவுகோல் உலகில் இல்லாததாலன்று இந்நிலை. 1990இல் ஹவானா நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகள் பலத்தையும் சுடுகலன்களையும் பயன்படுத்துவது பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. அவை கூறுவன கடினமான தத்துவங்களல்ல. உயிருக்கோ பாரதூரமான காயத்துக்கோ உடனடி ஆபத்து நேரும்போது, தன்னையோ பிறரையோ காப்பதற்கன்றி மனிதர் மீது சுடலாகாது. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதன்றிக் கொல்லும் நோக்கத்துடன் சுடவே கூடாது. சுடுமுன் தான் யாரென்பதை அதிகாரி அறிவித்துத் தெளிவாக எச்சரிக்க வேண்டும். காயமுற்றவனுக்கு உடனே சிகிச்சை கிடைக்கச் செய்யவேண்டும். ஆயுதங்கள் எவருக்கு வழங்கப்பட்டன, எத்தனை தோட்டாக்கள் கொடுக்கப்பட்டன என்பதற்குக் கணக்கிருக்க வேண்டும். உள்நாட்டு அரசியற் கொந்தளிப்பைக் காட்டி இவற்றிலிருந்து நழுவலாகாது. இவ்வளவுதான். இவற்றை ரம்புக்கனையின் மீது வைத்துப் பாருங்கள். எண்ணெய் பவுசரைக் கொளுத்த முயன்றார்கள் என்பது பொலிஸார் கூறிய காரணம். அது மெய்யென்றே கொண்டாலும், கூடிநின்ற சனத்தின் மீது பாய்ந்த வேட்டு அதனால் நியாயமாகிவிடுமா? கொளுத்த முனைந்தவனையும் வேடிக்கை பார்க்க நின்றவனையும் பிரித்தறியும் கண் தோட்டாவுக்கு உண்டா?

இனி மற்றொரு வகைச் சாவைப் பற்றிப் பேசுவோம். இது தெருவில் நிகழ்வதன்று; விலங்கிடப்பட்டவனுக்கு நிகழ்வது. சந்தேகநபர் கைதாகிறார். மறைத்துவைத்த ஆயுதத்தைக் காட்ட அவரைப் பொலிஸார் அழைத்துச் செல்கின்றனர். அவர் திடீரெனத் துவக்கைப் பறிக்க முயல்கிறார். அல்லது தப்பியோட முனைகிறார். அல்லது அவருடைய கூட்டாளிகள் சுடுகின்றனர். அவர் இறக்கிறார். இந்தக் கதையை எத்தனை முறை பத்திரிகைகளிற் படித்துவிட்டோம்! 2020 அக்டோபரில் மாளிகாவத்தையில் மாகந்துரே மதூஷ் பொலிஸ் காவலில் இருந்தபடியே இறந்தபோதும் இக்கதைதான். 2025 பெப்ரவரியிற் கொட்டாஞ்சேனையிற் கைதான இருவர் இறந்தபோதும் இக்கதைதான். ஊரும் ஆளும் மாறுகின்றன, வசனம் மாறுவதில்லை.

இலங்கையிற் கடைசியாக ஒரு மனிதன் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்தில். அதன் பின்னர் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தும் தூக்குமேடை வெறுமையாகவே கிடக்கிறது. தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையாலன்றி எவரும் மரணத்தால் தண்டிக்கப்படலாகாது என்று அரசியலமைப்பின் 13(4)ஆம் உறுப்புரை உரத்துச் சொல்கிறது. சாட்சியம் கேட்டு, வாதம் கேட்டு, மேன்முறையீடும் கேட்ட பின்னர் நீதிபதி எழுதும் தீர்ப்பையே நிறைவேற்றத் தயங்கும் நாட்டில், வழக்கே கேட்காத ஒருவர் நள்ளிரவிற் பற்றைக்காட்டோரத்தில் அதனை நிறைவேற்றிவிட முடிகிறதென்றால், இங்கே நீதிமன்றம் எதற்கு?

"பாதாள உலகத்தானுக்காகவா நீங்கள் கண்ணீர் வடிக்கிறீர்கள்?" என்று எம்மைக் கேட்போர் உளர். அவர்களின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, குடைந்தெடுத்த சட்டப் புத்தகத்தினுள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கியால் புதுக்கடை நீதிமன்றத்தினுள்ளேயே ஒருவர் கொல்லப்பட்ட நாட்டில் மக்கள் அஞ்சாமல் இருப்பது எவ்வாறு? ஆனால் அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: பாதாள உலகத்தின் கையிலுள்ள டி-56 துப்பாக்கி எங்கிருந்து வந்தது? வன்னி விவசாயியின் வேட்டைத் துவக்கா அது? ஒரே இராணுவ முகாமிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட அத்தகைய துப்பாக்கிகள் பாதாளக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்று 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்திற் சொன்னவர் நாட்டின் ஜனாதிபதியே. துவக்கைக் கொடுத்தவன் யார், விலை பெற்றவன் யார், காப்பாற்றிய அரசியல்வாதி யார் என்பதையெல்லாம் அறிந்த வாய் சந்தேகநபரின் வாய். அவ்வாய் மண்ணை முத்தமிட்டதும் பெருமூச்சு விடுவோர் பாமர மக்களல்லர். சிறிய மீன் செத்துக் கரையொதுங்க, பெரிய மீன் ஆழத்துக்குள் நழுவுகிறது. இதற்கு நாம் கைதட்டுவதா?

அப்படியாயின் மக்கள் கையிலும் துவக்கைக் கொடுத்துவிடலாமே என்பார் வேறு சிலர். கேட்பதற்கு அது புரட்சிகரமான வாதம் போலத் தோன்றும். துவக்கைக் குடிமகனின் உரிமையாகக் கருதி, 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே குடிமக்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் வைத்திருக்கும் துவக்குகளின் எண்ணிக்கை அதிகம் என்பது 2018இல் வெளியான மதிப்பீடு. அதனால் அங்கே ஏழை நீகிரோவனின் சந்ததி பாதுகாப்புப் பெற்றதா? எதிரே நிற்பவன் எவனிடமும் துவக்கிருக்கலாம் என்ற அச்சமே பொலிஸ்காரனின் விரலை விசைக்குக் கொண்டுபோகிறது. அந்த அச்சத்துக்கு முதலிற் பலியாவது கறுப்புத் தோல்.

அமெரிக்கா வரை போவானேன்? எமது சொந்த மண்ணிலே கற்ற பாடம் போதாதா? 1974இன் குருதி காயுமுன்னரே எமது இளைஞர்கள் துவக்கை நாடினர். 1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டபோது கைதட்டியோர் பலர். பொலிஸின் துவக்குக்குக் கணக்குக் கேட்ட சமூகம், பொடியன்களின் துவக்குக்குக் கணக்குக் கேட்கவில்லை. விளைவென்ன? அத்துவக்கு மாற்று இயக்கத்தானை நோக்கித் திரும்பியது. அயல் முஸ்லிம் கிராமத்தை நோக்கித் திரும்பியது. கேள்வி கேட்டவரை நோக்கித் திரும்பியது. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி டாக்டர் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்துத் தெருவிற் சுடப்பட்டு வீழ்ந்தார். கணக்குச் சொல்லாத துவக்கு எவர் கையிலிருந்தாலும் அதன் குணம் ஒன்றே. அதனைப் பிடித்திருப்பவனின் கொடியின் நிறம் அக்குணத்தை மாற்றிவிடாது.

ஆகவே துவக்குடைமைச் சட்டமும் பொலிஸின் ஆயுத ஒழுங்கும் இருவேறு பிரச்சினைகளல்ல. ஒரே நாணயத்தின் இரு முகங்கள். குடிமகன் தன் துவக்கை ஒப்படைக்கிறான். அதற்கீடாகத் தன் துவக்கை அலுமாரியிற் பூட்டிவைப்பதாக அரசு வாக்களிக்க வேண்டும். பிரித்தானியாவில் 1996 மார்ச்சில் டன்பிளேன் பாடசாலையிற் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டிலேயே தனியார் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன. ஆனால் அங்கே பொலிஸாரிற் பெரும்பாலோர் இன்றும் துவக்கின்றியே கடமையாற்றுகின்றனர். அந்நாட்டை நாம் சொர்க்கமென்று கூறவில்லை. 2005 ஜூலையில் இலண்டன் நிலக்கீழ் ரயிலில் ஒரு பாவமுமறியாத பிறேசில் நாட்டு இளைஞனைப் பொலிஸார் சுட்டுக் கொன்றனர். பொலிஸ் நிறுவனத்துக்கு 2007இல் அபராதம் விதிக்கப்பட்டது. சுட்ட எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. எனினும் பொலிஸுக்குப் புறம்பான ஒரு விசாரணைக் குழு அச்சம்பவத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. எமக்கோ அந்த முதற்படி கூட இல்லை. எமது ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தவன் மட்டுமே கையொப்பமிட்டிருக்கிறான். விவசாயி துவக்கைப் பதிந்துவிட்டான். அரசு இன்னும் பேனாவை எடுக்கவில்லை.

நாம் கோருவன இவை. எப்போது சுடலாம், எப்போது சுடலாகாது என்ற விதிகளைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு, ஒவ்வொரு பொலிஸ் நிலையத்தின் வாசலிலும் மக்கள் படிக்கும்படி வைக்கவேண்டும். வேலைநிறுத்தத்தையும் ஆர்ப்பாட்டத்தையும் எதிர்கொள்ளச் செல்லும் அணி உயிர்க்கொல்லி ஆயுதங்களை ஏந்திச் செல்லலாகாது. இராணுவம் அவ்விடங்களுக்கு அனுப்பப்படவே கூடாது. சுடக் கட்டளையிட்டவர் யாரென்பது, அக்கட்டளை பிறந்த அக்கணமே பெயருடன் பதியப்பட வேண்டும். பொலிஸாரின் ஒவ்வொரு வேட்டையும் பொலிஸாரல்லாத ஒரு சுதந்திரமான குழு விசாரிக்க வேண்டும். சுட்ட ஆயுதம் அக்குழுவின் முத்திரையின்கீழ் வரவேண்டும். நீதவானின் அனுமதியும் சட்டத்தரணியின் முன்னிலையும் இன்றிச் சந்தேகநபர் எவரையும் ஆயுதம் காட்டவென்று அழைத்துச் செல்லலாகாது. அரசின் ஆயுதக் களஞ்சியங்களின் கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிப்பது விவசாயிக்கு மட்டுமுரிய கடமையா?

தனியார் துவக்குகளிலும் நீதி வேண்டும். தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளக் கையளிக்குமாறு 2024 நவம்பரிற் பாதுகாப்பு அமைச்சு பணித்தது. அது நல்ல தொடக்கமே. ஆனால் எந்த அரசியல்வாதிக்கு, எந்த முதலாளிக்கு, என்ன காரணத்துக்காக அவை வழங்கப்பட்டன என்பதையும் மக்கள் அறியவேண்டும். காட்டில் விறகு பொறுக்கச் செல்லும் ஏழையின் காலைச் சிதைக்கும் கட்டுத்துவக்கு ஒழியவேண்டும். அது ஒழிய, யானையும் பன்றியும் பயிரை அழிக்காதவாறு விவசாயிக்கு வேலியும் நட்டஈடும் கொடுக்கப்பட வேண்டும். பசித்தவனின் துவக்கை மட்டும் பறித்துவிட்டு அவன் பயிரைப் பன்றிக்குக் கொடுப்பது சட்டமன்று, தண்டனை.

இவை பெரிய கோரிக்கைகளல்ல என்பதை நாம் அறிவோம். துவக்கைத் தேவைப்படுத்தும் சமுதாய அமைப்பு இருக்கும்வரை துவக்கு முற்றாக மௌனமாகாது என்பதையும் அறிவோம். கூலிக்கும் இலாபத்துக்கும் இடையே, நிலமற்றவனுக்கும் நிலமுடையவனுக்கும் இடையே, சிறுபான்மைக்கும் பேரினவாதத்துக்கும் இடையே நிற்கும் சுவரை எந்தப் பொலிஸ் ஒழுங்குவிதியும் இடித்துவிடாது. ஆனால் அச்சுவர் இடியும் நாள்வரை, அதன் முன்னால் நின்று குரலெழுப்பும் மனிதன் உயிரோடு வீடு திரும்ப வேண்டாமா? உயிரோடிருப்பவனே போராட முடியும்.

எழுத்தாளர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. துவக்கை வீரத்தின் சின்னமாகப் பாடியது போதும். சாவைப் புள்ளிவிபரமாக அச்சிட்டதும் போதும். ஒவ்வொரு முறையும் அதே வசனம் பத்திரிகையில் வரும்போது, அதே கேள்வியை நாமும் சலியாது கேட்போம்: சுட்டவர் யார்? கட்டளையிட்டவர் யார்? எந்த ஆபத்திலிருந்து எந்த உயிரைக் காக்க அந்த வேட்டு வெடித்தது? முல்லோயாவிலிருந்து ரம்புக்கனை வரை இக்கேள்விகள் விடையின்றிக் கிடக்கின்றன. கேட்பவர் பலராகும் நாளில் விடை சொல்லாதிருக்க எந்த அரசாலும் முடியாது.